கரட்டுக்களத்தில் நின்ற பேருந்து

நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத்தலைவர் ஐயா அருளப்பன் அவர்களே, முன்வரிசையை மிடுக்கோடு நிறைத்திருக்கும் பெரியோர்களே, பூக்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் கரட்டுக்களத்துத் தாய்மார்களே, அனைவருக்கும் திண்டுக்கல் பர்ஹானாவின் மகிழ்ச்சி ததும்பும் வணக்கம்.

நான் ஆராய்ச்சி மாணவி. சிற்றூர்கள் ஏன் பின்தங்குகின்றன என்று கண்டறிய, நாற்பத்திரண்டு கேள்விகளைச் சுமந்துகொண்டு, சேவுகம்பட்டிப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். மின்விசிறி உண்டா என்றேன். வங்கிக் கணக்கு உண்டா என்றேன். பூப்பறிக்கும் பொன்னழகு அக்கா பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் என்னைக் கேட்டார்.

“ஏத்தா, இம்புட்டுக் கேக்குறியே, காலைல பஸ்சு நிக்கிதான்னு கேக்க மாட்டியா?”

என் தாளில் அந்தக் கேள்வியே இல்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பேருந்து நிற்காவிட்டால் என்ன ஆகும்? நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை பிந்தும். பிந்தினால் மொட்டு மலரும். மலர்ந்தால் வாங்க ஆளிருக்காது. வறுமைக்குக் காரணம் தேடி நான் நூலகம் நூலகமாக அலைந்தேன். அதை அறிந்தவர்களோ கூடையோடு சாலையோரம் நின்றிருந்தார்கள்.

கேள்வித்தாளை மூடினேன். அக்காவும் தோழியர் பத்துப் பேரும் பேருந்து நின்றதா என்று முப்பது நாள் குறித்தார்கள். நின்றது ஆறு நாள், நிற்காமல் போனது இருபத்துநான்கு நாள். பேருந்துப் பணிமனை அதிகாரியிடம் காட்டினோம். “அப்படியெல்லாம் இருக்காதும்மா, நானே வந்து பாக்குறேன்” என்றார்.

சொன்னபடியே வந்தார். அடையாளம் தெரியாமலிருக்கத் தலையில் துண்டு, கையில் அக்காவின் கூடை. பேருந்து வந்தது. கை நீட்டினார். பேருந்து பறந்தது. அதிகாரியும் பின்னாலேயே பறந்தார். துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மூச்சிரைக்கத் திரும்பியவரிடம் அக்கா தண்ணீரை நீட்டினார்.

“செத்த ஒக்காருங்க சார். இன்னைக்கு இருபத்தஞ்சுன்னு எழுதிக்கிறவா?”

“எழுதிக்கங்கம்மா. சாட்சின்னு என் பேரையும் எழுதுங்க.”

இன்று காலை அந்தப் பேருந்து நின்றது. கூடை ஏறியது, கூட்டம் ஏறியது, குதூகலமும் ஏறியது. நான் கைதட்டிய தட்டில் ஓட்டுநர் எந்தச் சக்கரம் கழன்றதோ என்று இறங்கிப் பார்த்தார்.

அன்பர்களே, மக்களை எண்ணுவது மட்டும் ஆராய்ச்சியா? எண்ணுகிற எழுதுகோல் அம்மக்களின் கையில் இருக்க வேண்டாமா? கேட்கத் தெரிந்தவள் நான். எதைக் கேட்பது என்று தெரிந்தவர்கள் இவர்கள். ஆகவே என் ஆய்வேட்டில் என் பெயருக்கு மேலே இந்தப் பதினொரு பெண்களின் பெயரை எழுதினேன். அப்படி வழக்கமில்லையே என்றார் பேராசிரியர். வழக்கமாக்குவோம் ஐயா என்றேன்.

அதோ, அக்கா கீழிருந்து குரல் கொடுக்கிறார். என்னக்கா?

“அடுத்து ரேசன் கடை தெறக்குற நேரத்தக் குறிப்பமா?”

முன்வரிசையில் யாரோ நெளிகிறார்கள். குறிப்போம் அக்கா, நாளைக் காலையே குறிப்போம். கேட்டு மகிழ்ந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.