மாதிரிக்கு ஒரு பட்டாம்பூச்சி

ஐயா, எனக்குப் பூச்சி என்றாலே பயம். வீட்டில் கரப்பான் வந்தால் அடிப்பது என் மனைவி சங்கரிதான். நான் கட்டில்மேல் ஏறிக்கொள்வேன். பிரவீனா உங்கள் வனத்துறைக்குக் கொடுத்திருக்கும் புகாரைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படித்தால் நல்லது.

பெயர் சிவராஜ். காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறேன். பிரவீனா பக்கத்திலிருக்கும் ஓரிக்கைப் பெண். இமயமலையில், மரமே முளைக்காத உயரத்தில் வாழும் ஒரு நீலப் பட்டாம்பூச்சியை ஆராய்ச்சி செய்கிறாள். ஒரே ஒரு புல்வெளியில்தான் அது மிச்சமாம். அதைக் காப்பாற்ற, அதே நிறத்தில் ஒரு புடவை நெய்து ஏலம் விடலாம் என்று அவள்தான் வந்து கேட்டாள். நல்ல காரியம். கூலிகூட வேண்டாம் என்றேன்.

போட்டோ கொடுத்தாள். அந்த நீலம் சாயத்தில் வரவில்லை. சாயம் போடும் முருகேசன், "போட்டோவ நம்பிக்கினு நூல நனைக்க முடியாதுப்பா. பூச்சியவே கொண்டா" என்றார். நியாயமான பேச்சு. பிரவீனாவிடம் மாதிரிக்கு ஒன்று கேட்டேன்.

"செத்துக் கெடந்தாகூட எடுக்கக் கூடாதுண்ணா. வேணும்னா என்கூட வந்து கண்ணால பாத்துக்கோ."

போனேன். மூச்சு வாங்கியது, மூக்கில் ரத்தம் வந்தது. ஆனால் அந்தப் பூச்சி கல்மேல் உட்கார்ந்து இறகை விரித்தபோது அழுதுவிட்டேன். இந்த நிறத்தை மறக்கவே கூடாது என்று தோன்றியது. எனக்கு ஞாபகசக்தி குறைவு. அதனால் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

விரல் பட்டதும் நிறம் உதிர்ந்துவிட்டது. ஆகவே இன்னொன்று. பெண் பூச்சி பழுப்பு. கரைக்கு அந்தப் பழுப்பு பிரமாதமாக எடுக்கும். ஆகவே அதுவும். புடவைக்கு இரண்டு பக்கமும் கரை உண்டு என்பது உங்களுக்கே தெரியும். முந்தானை வேறு இருக்கிறது. குளிரில் அவை அசையாமல் உட்கார்ந்திருக்கும், என்னைப் போன்ற பயந்தவனுக்கும் சுலபம். நெஞ்சை லேசாக அழுத்தினால் போதும். சத்தமே வராது.

பிரவீனா கூடாரத்தில் சுருண்டு படுத்திருந்தாள். நான் ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா அது?"

"ஏகாம்பரநாதர் கோயில் விபூதிம்மா."

"நான் சர்ச்சுக்குப் போறவ. ஆனா தலை சுத்திக்கினே இருக்குது. பரவால்ல, கொஞ்சம் வெச்சி வுடு."

மறுக்க மனம் வரவில்லை. பொட்டலத்தின் ஓரத்தில் விரலை விட்டு, ஒட்டிய தூளை அவள் நெற்றியில் பூசினேன். நீலமாக மினுமினுத்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "இப்ப நல்லா இருக்குதுண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் குணமானதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புடவை முடிய அடுத்த வருடம் ஆகிவிட்டது. பிரவீனா மலையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் செத்திருந்தது. கோடை முழுக்கக் காத்திருந்தும் புல்வெளியில் ஒன்றுகூடப் பறக்கவில்லையாம். "பனி சீக்கிரம் கரைஞ்சிருக்கும்மா" என்று ஆறுதல் சொன்னேன். சங்கரி காபி கொடுத்தாள். மனம் தேறட்டும் என்று புடவையை விரித்தேன்.

முதலில் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் கரையில் அவள் விரல் நின்றது.

"அண்ணா, இது பொட்டைப் பூச்சியோட றெக்கைக்கு அடிப்பக்கம். இந்தப் புள்ளிங்க தெரியற மாதிரி என்கிட்டயே போட்டோ இல்ல. நீ எங்க பாத்தே?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பீரோவைத் திறந்து காட்டினேன். அவள் கத்தவில்லை. பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பாதியில் நிறுத்திவிட்டு உங்களுக்குப் போன் செய்தாள். சங்கரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் பக்கம் வரவில்லை.

அந்தப் பெண் சின்ன வயசு, ஆத்திரத்தில் பேசுகிறாள். நிதானமாக யோசியுங்கள் ஐயா. அவள் இத்தனை வருடம் காவல் இருந்த புல்வெளியில் இன்று ஒன்றுகூட இல்லை. என் பீரோவில் எல்லாமே இருக்கின்றன, பாச்சை உருண்டை போட்டு, ஒரு மீசைகூட ஒடியாமல். உண்மையில் அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது யார் என்று நீங்களே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.