அரைத் துண்டு போதும் என்றுதான் சொன்னார்கள்

என் பெயரையும் வீட்டு எண்ணையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது ஐம்பத்தொன்று. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து தரும் கூடத்தில் மெழுகு அச்சு எடுக்கும் வேலை பார்க்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் என் கணவரோடு வசிக்கிறேன். எங்கள் ஒரே மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் படித்தவர்கள் அவரை பிரேக் சார் என்பார்கள். கற்றுக்கொடுக்கும் வண்டியில் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்துப் பழகிப்போய், வீட்டில் நான் வாளியை வேகமாகத் தூக்கினால்கூட அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

அவர் போதையில் வண்டி ஓட்டினார் என்று வந்திருக்கும் புகாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் காவல் நிலையத்தில் சொல்லச் சொன்னார்கள். அந்தப் புகார் நிலைத்தால் அவருடைய உரிமம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

என் கணவருக்கு நெடுநாளாக முதுகுவலி. பழகுபவர்கள் திடீர் திடீரென்று வண்டியை நிறுத்தியதால் வந்தது. மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவர் செய்யவில்லை, செய்ததாக மருத்துவரிடம் சொல்லிவந்தார். ஏசி மாட்டும் வேலை செய்யும் என் தம்பி, கஞ்சா கலந்த சாக்லெட் சாப்பிட்டால் வலி தெரியாமல் தூங்கலாம் என்று கூட வேலை செய்பவர் சொன்னதாகச் சொன்னான். அது இங்கே சட்டப்படி விற்கப்படும் பொருள்தான். அதன் பிறகு வந்த சனிக்கிழமை நாங்கள் மூவரும் உரிமம் பெற்ற கடைக்குப் போனோம். வயதுச் சான்றைக் காட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். என் கணவர் தலை முழுக்க நரைத்தவர் என்பதால் அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

கடைக்காரப் பெண், இதற்கு முன் சாப்பிட்டதுண்டா, வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு எடுப்பதாக என் கணவர் சொன்னதும், அப்படியானால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள் என்றார். கேட்கிறேன் என்று இவர் தலையாட்டினார். கேட்கவில்லை. அந்தச் சாக்லெட்டில் பத்துத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து மில்லிகிராம் மருந்து. புதிதாகச் சாப்பிடுபவருக்கு அரைத் துண்டு போதும் என்று அந்தப் பெண் சொன்னார். புகைப்பது போல இது உடனே ஏறாது, வயிற்றுக்குள் போய்த்தான் வேலை செய்யும், இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், ஒன்றும் தெரியவில்லையே என்று மேலே சாப்பிடாதீர்கள், இதோடு மது வேண்டாம், அன்றைக்கு வண்டியைத் தொடாதீர்கள், மிச்சத்தைப் பூட்டி வையுங்கள் என்றும் சொன்னார். என் கணவர் முகத்தில் ஒரு பொறுமை தெரிந்தது. கியர் மாற்றத் தெரியாதவர்கள் அவரிடம் காரணம் சொல்லும்போது அதே முகத்தைத்தான் வைத்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டை நான்தான் இரண்டாக வெட்டினேன். அச்சு செதுக்கிப் பழகிய கை என்பதால் இரண்டு பாதியும் சமமாக இருந்தன. ஒரு பாதியை அவரிடம் நீட்டினேன். அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதென்ன, எறும்புக்குப் போடற அளவா இருக்கு" என்றார். சாப்பிட்டார். அதற்கு முன்பே கார் சாவிகள் இரண்டையும் வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு மறுநாள் காலை வரை அவை என் பையைவிட்டு வெளியே வரவில்லை.

முக்கால் மணி நேரம் போல ஆகியிருக்கும். அவர் கூடத்தில் நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். "நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். பேசாமல் உட்காரச் சொன்னேன். அப்போது மகளிடமிருந்து தொலைபேசி வந்ததால் படுக்கையறைக்குப் போய்ப் பேசினேன். என் தம்பி பால்கனியில் எங்கள் ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். பிறகு அவன் சொல்லித் தெரிந்தது இது. என் கணவர் சாக்லெட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய், "ஒரு ஸ்பூன் பெட்ரோல்ல வண்டி கிளம்புமா, மாப்ள?" என்று கேட்டிருக்கிறார். அவன் "கிளம்பாது மாமா" என்று சொல்லியிருக்கிறான். பெட்ரோலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்ததாகச் சொல்கிறான். அவன் நினைத்திருப்பான். அப்படிப்பட்டவன்தான்.

நான் பேசி முடித்து வெளியே வந்தபோது முழுதாக மூன்று துண்டுகள் குறைந்திருந்தன. "எத்தனை சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "மூணே மூணு" என்றார். முதலில் தின்ற பாதியோடு சேர்த்தால் சொன்ன அளவுக்கு ஏழு மடங்கு. நான் சத்தம் போட்டேன். அப்போதும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தித்தாள் படித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். மிச்சத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அதன் பிறகு அவர் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை வெகுநேரம் திருப்பாமல் வைத்திருந்தார். பார்த்தால் அது வரி விளம்பரங்கள். தன்னுடைய நாக்கு வேறு யாருடையதோ போல இருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு என் கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, "எங்கெங்கயோ யார் யாரோ உன் பல்லால சிரிக்கிறாங்க, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இது வழக்குக்குத் தேவையா என்று இதை எழுதும் அதிகாரி கேட்டார். தேவை என்றேன், அவர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடுவேன் என்றார். சாக்லெட் உறையில் இருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு செவிலியர் பேசினார். மூச்சு சரியாக இருக்கிறதா, நெஞ்சில் வலி உண்டா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, வாந்தி எடுத்தாரா, வேறென்ன மருந்து எடுக்கிறார் என்று வரிசையாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாக என் கணவரிடம் கேட்டுச் சொன்னேன். வலி இல்லை, படபடப்புதான். அமைதியான இடத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், தனியாக விடாதீர்கள், ஏறியது இறங்கச் சில மணி நேரம் ஆகும், பயப்பட வேண்டாம் என்று செவிலியர் சொன்னார். நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, எழுப்பி எழும்பாவிட்டாலோ காத்திருக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்றார். தனியாக விடாதீர்கள் என்று அவர் சொன்னதும் நான் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த என் தம்பி தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தான்.

கீழே ஓடினோம். குடியிருப்பின் முன்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தில், அவர் பாடம் நடத்தும் எங்கள் கார் நின்றது. காலையில் என் தம்பி அதிலிருந்து கருவிப் பையை எடுத்தபின் கதவைப் பூட்டவில்லை. அவனுடைய ஏணியையும் அதன் பின்புறத்தில் சாய்த்து வைத்திருந்தான். என் கணவர் காருக்குள் இருந்தார். ஓட்டுநர் இருக்கையில் இல்லை. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டு, வலது காலால் அந்த இரண்டாவது பிரேக்கை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. அந்த யாரும் இல்லாதவரிடம், "நிறுத்துங்க! ஏன் இவ்வளவு வேகம்? நிறுத்துங்க!" என்று கத்தினார். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. இறங்கச் சொன்னேன். "நான் காலை எடுத்தா எல்லாரும் போயிடுவோம்மா. நீ தள்ளி நில்லு" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்.

கீழ்வீட்டுக்காரர் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை. யாரையோ கடத்துகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஆனால் வண்டி போனதைப் பார்த்தேன் என்று அவர் சொல்லியிருப்பது சரியல்ல. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தன் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததாக அப்போது அவரே என்னிடம் சொன்னார். வண்டி ஓர் அங்குலம் நகர்ந்திருந்தாலும் ஏணி விழுந்திருக்கும். அது விழவில்லை. என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்த காவலரும் சூடில்லை என்றார்.

அந்தக் காவலர் இளைஞர். முதலில் அதட்டிப் பார்த்தார். என் கணவர் அவரை மேலும் கீழும் பார்த்து, "லேட்டா வந்தா பாடம் கிடையாதுன்னு சொல்லியிருக்கேன்ல? சரி, ஏறுங்க. பெல்ட் போடுங்க" என்றார். காவலர் என்னைப் பார்த்தார். செவிலியர் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தார். இதை எழுத வேண்டாமே என்று அவர் இப்போது கேட்டுக்கொண்டாலும் எழுத வேண்டும் என்று நான் வேண்டுகிறேன், ஏனென்றால் விஷயம் முடிந்தது அதனால்தான்.

அதன் பிறகு காவலர், "வண்டியை ஓரமா நிறுத்திடட்டுமா சார்?" என்று கேட்டார். "இண்டிகேட்டர் போட்டீங்களா?" என்றார் இவர். காவலர் போட்டார். சாவி இல்லாததால் எரியவில்லை. வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கைத் தொடாமல் காற்றில் கையால் வளைத்து, நின்ற வண்டியை நிறுத்தினார். என் கணவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்து, "கோட்டுக்கு வெளிய நிக்குது. திரும்ப எடுங்க" என்றார். காவலர் திரும்ப எடுத்தார். மூன்றாவது முறைதான் இவருக்குத் திருப்தி. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடச் சொன்னார். ஏற்கனவே இழுத்திருந்ததைக் காவலர் இறக்கித் திரும்ப இழுத்தார். சத்தம் கேட்டதும் என் கணவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கால் தடதடவென்று ஆடியது. "பயப்படாதீங்க, தம்பி. நல்லா வருவீங்க" என்று காவலரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நாங்கள் மூவருமாக அவரை மேலே கூட்டிப்போனோம். தண்ணீர் குடித்துப் படுத்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் எழுந்தபோது வாய் வறண்டிருந்தது, தலை பாரமாக இருந்தது, வேறு கெடுதல் இல்லை. தலை தெளியாமல் வண்டியில் உட்கார மாட்டேன் என்று அன்றைய பாடங்களை அவரே ரத்து செய்தார். மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். ரத்த அழுத்த மாத்திரையோடு இது ஒத்துவராது என்று அவர் சொன்னார். பயிற்சியைச் செய்வதே இல்லை என்பதையும் நானே அவரிடம் சொல்லிவிட்டேன். இப்போது தினமும் தரையில் படுத்துக் காலைத் தூக்குகிறார். நான் எண்ணுகிறேன்.

மேலே உள்ளவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "கணவர் காரில் அமர்ந்து தகராறு செய்துகொண்டிருந்தார்" என்று ஓர் இடத்தில் இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அவர் தகராறு செய்யவில்லை. பாடம் நடத்தினார். அப்படியே திருத்தினார்கள். திருத்திய பின் இதில் உள்ளது அத்தனையும் நான் கண்டதும் கேட்டதும்தான், யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)