கூவுகிறவன் நிற்கும் இடம்

நீங்கள் வாங்கித் தந்த பிளேன்டீ நன்றாக இருந்தது, ஐயா. இஞ்சி கொஞ்சம் தூக்கல். இந்தக் குளிருக்கு அதுதான் சரி.

விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆட்களாக நின்று, அடுத்து என்ன செய்வதென்று தாங்களே முடிவெடுப்பார்கள். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலை என் பொறுப்பில் இருந்தது. ஞாயிறு பகலில் அங்கே யாரும் வருவதில்லை. யூடியூபில் பார்த்துப் பழகி நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். ஆட வந்தவர்கள் டினேஷும் தனுஷிகாவும்.

நான் புதியவன். வாரம் ஒரு சாகசம் சொன்னேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டே இல்லை.

“போன வாரம் பூதம், இந்த வாரம் கள்ளன்,” என்றான் டினேஷ். “என்னா கஸ்பர் அண்ணே, பஸ்ஸ விட்டு எறங்கி எறங்கி வேற பஸ்ஸு ஏறுற மாதிரி இருக்கு. ஊரு எப்ப வரும்?”

தனுஷிகா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வெகுநாள் எனக்குள் கிடந்தது. ஆனால் அவன் சொன்னது நியாயம். சாகசங்களைக் கோக்க ஒரு நூல் வேண்டும். ஆடுகிறவர் உண்மையிலேயே ஏங்கும் ஒன்றைவிட நல்ல நூல் கிடையாது.

தனுஷிகாவின் அண்ணன் நிரோஷன் முந்தின வருடம் விறகுக்குப் போய்ப் பனிமூட்டத்தில் காணாமல் போனவன். உடம்பு கிடைக்கவில்லை. பனிக்குள் ஆளைக் கூப்பிட அவன் எப்படிக் கூவுவான் என்று அவளே எனக்குச் செய்து காட்டியிருந்தாள். நீளமாக இழுத்து, முடிவில் சட்டென்று உடைப்பானாம்.

நீங்கள் வெளியூர், தெரியாமல் இருக்கலாம். பனி இறங்கிவிட்டால் நாங்கள் கண்ணை நம்புவதில்லை, குரலை நம்பி நடப்போம். அதனால் கூவுகிறவன், தனக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில் வழி இருக்கிற இடத்தில் நின்றுதான் கூவவேண்டும். சின்னப் பிள்ளைகள்கூட இதில் விளையாட மாட்டார்கள்.

பூதத்தின் குகைக்குள் அந்தக் கூவலைக் கேட்கவைத்தேன். கள்ளர் கோட்டையிலும் கேட்டது. பாழடைந்த பங்களாவில் இன்னும் கிட்டத்தில் கேட்டது. பகடையை எடுக்குமுன், கூவல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தனுஷிகா கேட்க ஆரம்பித்தாள். டினேஷ் கேலி பேசுவதை நிறுத்திவிட்டான். அந்த மேசையைச் சுற்றி அப்போது இருந்த அமைதியை நான் எந்தக் கோயிலிலும் அனுபவித்ததில்லை.

பிறகு ஒருநாள் அவள் தனியாக வந்தாள்.

“வீட்டுல அண்ணனுக்குக் கருமாதி செய்யப் போறாங்க. அது முடிய நான் கொழும்புக்கு வேலைக்குப் போறேன். இந்த ஞாயித்துக்கெழம கதையில அவன் செத்துறட்டும் கஸ்பர் அண்ணே. நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் அழுது முடிச்சிருவேன்.”

“அத நான் எப்படி முடிவு பண்றது?”

“நீங்கதான கதை சொல்றீங்க.”

சின்ன உதவிதான். ஒரு வாக்கியத்தில் செய்திருக்கலாம். செய்திருந்தால் அவள் போயிருப்பாள், அத்தனை நாள் கோத்ததெல்லாம் அவிழ்ந்திருக்கும். எல்லாச் சாகசங்களும் ஓரிடத்தில் வந்து சேரவேண்டியிருந்தது.

சனிக்கிழமை மாலை பனி இறங்கியது. டவுனுக்குப் போனவள் மேல்மலைக் குறுக்குப்பாதையில்தான் திரும்புவாள். நான் பழைய கல்குவாரிக்கு அந்தப்பக்கம் போய் நின்றேன். நிரோஷனைப் போலக் கூவினேன்.

அவளைத் தள்ளினாயா என்று ஸ்டேஷனுக்குள் வந்ததுமே கேட்டீர்கள். இல்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தக் குவாரிப் பள்ளம் முழுதாக இருந்தது.

அவள் உடனே வந்துவிடவில்லை. “அண்ணே?” என்றாள். வெகுநேரம் காலடிச் சத்தமே இல்லை. அவள் திரும்பிப் போயிருக்கலாம். நானும் வீட்டுக்குப் போயிருக்கலாம். பிறகு கேட்டாள்: “வழி இருக்கா அண்ணே?”

மறுபடியும் கூவினேன். இந்தத் தடவை இன்னும் நன்றாக வந்தது.

என் மேசையில் ஒரு விதி உண்டு, டினேஷைக் கேட்டுப் பாருங்கள். நான் கதை மட்டும்தான் சொல்வேன். எங்கே கால் வைப்பது என்பதை ஆடுகிறவர்தான் முடிவு செய்யவேண்டும். அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை, ஐயா.