சில்லு வெச்ச வீடு

மாட்டை இப்பவே பூட்டாதங்க, முனாப் காக்கா. முதல்ல இந்தச் சாமானை ஒருக்காச் சுத்திப் பாருங்க. காத்தான்குடியில இருந்து மூணு சோடி மாட்டோட வந்திரிக்கயள், எதை இழுக்கப் போறமெண்டு தெரியாம இழுக்கேலுமா?

ஓம், லொறிதான். லொறிக்கு மேல வீடு கட்டியிரிக்கான். சிரிக்காதங்க, உள்ளுக்கு எட்டிப் பாருங்க. சுவரோட மடிச்சு வைக்கிற கட்டில் இரிக்கு. அடுப்பு இரிக்கு. கண்ணாடி யன்னலுக்குப் பூப்போட்ட சீலை வேற. கக்கூசுதான் இல்ல. அதுக்குத் துரை விடியக்காலையில மண்வெட்டியைத் தோளில வெச்சிக்கொண்டு தாழங்காட்டுப் பக்கம் போவார். வயலுக்குப் போறவன் மாதிரி நடை. நாங்க பாக்காத மாதிரி நிப்பம்.

தேயிலைத் தோட்டத்துத் துரையாம். மலையில பெரிய பங்களா இரிக்காம். அதை விட்டிட்டு, பொண்சாதியையும் ஏத்திக்கொண்டு, கடக்கரை பாக்கப் புதுப் பாலத்தால வந்திரிக்கார். கடலைப் பாக்கிறதுக்கு வீட்டையும் தூக்கிக்கொண்டு வாற ஆக்களை நான் இப்பதான் கண்டன். எங்கட பகுதியில வீடெண்டா அது பொம்புளைர சொத்து. தாய் மகளுக்குக் குடுப்பா, மாப்பிளை வெத்திலைப் பெட்டியோட வந்து ஏறுவான். இந்தத் துரைசாணிக்குத் தாய் ஒண்டும் குடுக்கயில்லையாக்கும், அதான் புருசன் சில்லுப் பூட்டிக் குடுத்திரிக்கான் எண்டு நாங்க கதைச்சுச் சிரிச்ச. நானும் அப்ப மகளுக்கு வீடு கட்டிக்கொண்டுதான் இருந்தன். மங்கையற்கரசி, ஒரே மகள். தையில கலியாணம். வீடு முடியாட்டி மாப்பிளை வரான்.

துரை எங்க கொண்டு வந்து நிப்பாட்டினவன் தெரியுமா? அந்தா, ஆத்துவாயில, அந்த மண் மேட்டில. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. வடிவான இடமாம். மார்கழி மாசம் புத்தியுள்ளவன் ஆராவது அதில நிப்பானா? மழை விழ விழ ஆறு நிரம்பும். ஆறு நிரம்பினா வயல் வட்டைக்குள்ள தண்ணி ஏறி வெள்ளாமை அழுகும். அந்த மண்ணை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விட்டாத்தான் ஊருக்குச் சோறு. நாங்க வருசா வருசம் வெட்டுற இடத்தில, சரியா நடுவில, இவன் வீட்டை வெச்சிக்கொண்டு நிண்டான்.

வேற இடத்தில வெட்ட ஏலாது காக்கா. மத்தப் பக்கம் மண் உசரம், ஊரே நிண்டு வெட்டினாலும் கிழமை போகும்.

சொன்னம், சொல்லாமலா? அரசாங்கக் கச்சேரிக் கடிதம் ஒண்டை எடுத்து நீட்டினான். விரும்பின இடத்தில நிக்கலாமெண்டு எழுதியிரிக்காம். தண்ணிக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியுமா? துரைசாணி வேற குடையை ஊண்டிக்கொண்டு படம் கீறிக்கொண்டிருந்தா. படம் முடிய ரெண்டு நாள் வேணுமாம். என்ன படமெண்டு பாத்தா, கொக்கு. ஒத்தைக் கொக்கு. அதுக்கும் கழுத்து வாத்துக் கழுத்து.

அந்த ரெண்டு நாளும் மழை விடயில்ல. மூணாம் நாள் விடியத் தண்ணி வீட்டுப் படிக்கு வந்திட்டு. அப்பதான் துரைக்குப் பயம் பிடிச்ச. மெசினை முடுக்கிப் பின்னால எடுத்தான், இந்தப் புதைமண்ணில கொண்டு வந்து இறக்கினான். உப்புத்தண்ணி மெசினுக்குள்ள போய், செத்த மாடு மாதிரிக் கிடந்திட்டு. நாங்க உடன ஆத்துவாயை வெட்டினம். அவங்க ரெண்டு பேரும் வண்டில் பிடிச்சுப் புளியந்தீவுக்குப் போய் ரெயில் ஏறிட்டாங்க. துரைசாணி கொக்குப் படத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு போனா. இந்த வீட்டை வேணுமெண்டா எடு எண்டு துரை கையை வீசிட்டுப் போனான். பழஞ்செருப்பைக் குடுக்கிற மாதிரி.

வெள்ளாமை பாதி தப்பிட்டு. வீடு தப்பயில்ல. அந்தத் தென்னைக்கு அங்கால பாருங்க, மண் குமிஞ்சு கிடக்கே, அதுதான் மகளுக்குக் கட்டின வீடு. நெஞ்சளவுக்குச் சுவர் எழும்பின. பச்சை மண், கூரை போடயில்ல, ரெண்டு நாள் தண்ணியில நிண்டு கரைஞ்சு போச்சு. முதல் நாளே வெட்டியிருந்தா ஒரு கட்டி மண் அசைஞ்சிராது.

ஓம், துரை கடிதத்தை நீட்டினா நீட்டட்டும், நூறு மண்வெட்டி இறங்கினா அவன் என்ன செய்வான் எண்டுதானே கேக்கிறயள்? ஊரும் அதைத்தான் கேட்டுது. ஆனா வயல் தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானை நாள் சொல்லாம வட்டைச் சனம் ஆத்துவாயில மண்வெட்டி போடாது. அது எங்கட வழமை. அந்தாளுக்கு என்ன விசரா எண்டா கேக்கிறயள்? அந்தாள் உங்களுக்கு முன்னாலதான் நிக்கிறார். வட்டவிதானை வல்லிபுரம் நான்தான்.

சனம் வந்து நிண்டது. ரெண்டு நாள் பொறுங்க எண்டு நான்தான் சொன்ன. துரை என்னை உள்ளுக்குக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இரிக்க வெச்சான் காக்கா. துரைசாணி பூக்கோப்பையில தேத்தண்ணி தந்தா. கச்சேரியில ஒரு பியோன்கூட என்னை இரி எண்டு சொன்னதில்ல. அந்தக் கோப்பையைக் கையில வெச்சிக்கொண்டு, ஒழும்பிப் போங்க எண்டு சொல்ல எனக்கு வாய் வரயில்ல. நினைச்சா வெக்கமா இரிக்கு.

கலியாணம் நடக்கும். அதில குறையில்ல. சீதேவிப்பிள்ளை, என்ர பொண்சாதி, தன்ர தாய் குடுத்த வீட்டை மகளுக்குக் குடுத்திட்டா. தானும் மகளோட ஒரு அறையில இருப்பாவாம். அப்ப நான் எங்க இரிக்கிற எண்டு கேட்டன். முகத்தைப் பாக்காமச் சொன்னா, உங்களுக்குக் கதிரை போட்ட வீடு ஆத்துவாயில கிடக்குதானே, அதில போய் இரிங்க எண்டு.

அதனால ரோட்டுப் பக்கம் இல்ல காக்கா, எங்கட வளவுப் பக்கம் இழுக்கோணும். கிணத்தடிக்கு அங்கால விட்டாக் காணும். இப்ப பூட்டுங்க. என்ர பாயையும் தலகாணியையும் அவ காலையிலயே வெளிய எடுத்து வெச்சிட்டா.