சங்கரா மீன் தலை

திருவொற்றியூரில் நான் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மடியில் கூடை வைத்திருந்தவள் மெல்லச் சொன்னாள்.

"என் வூட்லயே திருடிட்டேன்க்கா."

"இன்னாத்த?"

"மருமவ வெச்ச சங்கரா மீன் கொழம்ப. அவ கையால துன்ன மாட்டேன்னு, கண்ணாலம் ஆனதுலேர்ந்து நான் தனியாதான பொங்கிகினு கீறேன். நேத்து காலைல சட்டிய தொறந்தேன். மொத நாள் வெச்ச கொழம்பு, மாங்கா நல்லா ஊறி கீது. நாலு இட்லி துன்னுட்டேன்."

"அவ்ளோ ருசியா?"

"என் மாமியா கூட அப்டி வெச்சதில்ல. கொறைஞ்சது தெரியக்கூடாதுன்னு தண்ணி ஊத்தி வெச்சேன்."

"பழைய கொழம்புல பச்சத்தண்ணியா? வாய்ல வெச்சதுமே தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சிட்ச்சி. ஆனா ஒண்ணும் கேக்கல. ராத்திரி புதுசா கொழம்பு வெச்சா. இன்னிக்கு காலைல என் தட்டாண்ட ஒரு கிண்ணம் மூடி கீது. உள்ள மீன் தல."

"துன்னியா?"

"எலும்பு கூட விடல."

"அவளாண்ட பேசினியா?"

"எட்டு மாசமா பேசல. இன்னான்னு ஆரம்பிக்கறது?"

காசிமேட்டில் பஸ் நின்றது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க எறங்கற?"

"மீன் வாங்கத்தான். அவ கைல குடுத்து, எனக்கும் சேத்து வையின்னு சொல்லப் போறேன்."