பாசிக்கு வந்த காய்ச்சல்

யாரோ ஒரு புண்ணியவான் என் தொட்டியில கைவரிசையக் காட்டிட்டுப் போயிருக்கான். பேரெல்லாம் சொல்ல மாட்டேன்டா தம்பி. உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஃபேன் ஓடிக்கிட்டுதானே இருக்கு.

தண்ணி வேணாம். உக்காரவும் வேணாம். அக்கா நின்னுக்கிட்டே பேசுவா.

முந்தாநாள் வரைக்கும் நாலு தொட்டியும் பச்சைப் பசேல்னு இருந்துச்சுடா. நேத்துக் காலையில பாக்குறேன், தண்ணி கண்ணாடி மாதிரி நிக்குது, அடியில கிடக்குற ஆணி வரைக்கும் தெரியுது. உங்க மாமா அதப் பாத்துட்டு, பரவால்லயே, தொட்டி சுத்தமாயிடுச்சேங்குறாரு. பாசி வித்துப் பொழைக்குறவளுக்கு வாய்ச்ச மனுஷன்.

லேப்புக்குத் தூக்கிட்டு ஓடினேன். அங்க இருக்குற பொண்ணு பாத்துட்டு, வைரஸ்ங்குது. பாசிக்கான்னு கேட்டேன். பாசிக்கேதானாம். உள்ள பூந்து, உக்காந்து தின்னு, குட்டியாப் போட்டுப் பெருகி, கடைசியில வீட்டையே ஒடச்சிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுமாம். நம்ம சொந்தக்காரங்க யாரையோ சொல்லுதுன்னு நெனச்சேன். மீனுக்கு ஒண்ணும் ஆகாதாம், மனுஷனுக்கும் ஆகாதாம். என் பொழப்புக்கு மட்டுந்தான் ஆகும்.

மீன்குஞ்சுப் பண்ணைக்காரரு காலையிலிருந்து ஃபோன் மேல ஃபோன். குஞ்சு பொரிஞ்சு வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு, தீனிக்குப் பாசித் தண்ணி வரலன்னா வேற ஆளப் பாத்துக்குறேங்குறாரு. அந்தாள வளைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?

எப்படி வந்துச்சா? நல்லாக் கேட்ட. ஈரத்துல ஒட்டிக்கிட்டு வருமாம். வாளி, வடிதுணி, எதுவா இருந்தாலும் போதுமாம். போன வாரம் நான் பாசி வடிகட்டுற துணிய ஒருத்தர் இரவல் வாங்கிட்டுப் போயி, சொட்டச் சொட்டத் திருப்பிக் குடுத்தாரு. பிழிஞ்சு காயப்போட்டா மகராசனுக்குக் கை தேஞ்சிடும் பாரு.

தரையில என்னடா பாக்குற? உன் பொண்டாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா. போன மாசமே உன் பாசித் தொட்டியும் இதே மாதிரி வெளுத்துப் போச்சாமே. பயந்துபோய் அப்படியே போட்டு வெச்சிருந்தியாம். சாகாம மிஞ்சின பாசி தானா வளந்து மறுபடி பச்சையாயிடுச்சாம். அப்படித் தப்பிச்ச பாசிய அந்த வைரஸால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு லேப்புப் பொண்ணு சொல்லுச்சு. இவ்வளவு நடந்தும் கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ரொம்ப அடக்கமானவன்டா நீ.

நான் சண்டைக்கு வரல. கேனெல்லாம் வாசல்ல எறக்கி வெச்சிருக்கேன். உன் தொட்டியில பொழச்ச அந்தப் பாசிய அதுல நெரப்பு. நெரப்பிட்டு நீயே தூக்கிட்டு வந்து என் தொட்டியில ஊத்து. எந்திரி.