கிழித்து வைத்த கடைசி அத்தியாயம்

தேனியில் மாலைக்காட்சி முடிந்த வேளையில் உத்தமபாளையம் செல்லும் பேருந்தில், கல்லூரித் தோழியர் மூவர் என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர். பள்ளிப்பருவத்தில் தாங்கள் படித்த கதைப்புத்தகம் திரைப்படமாகியிருப்பதைக் கண்டு திரும்புகின்றனர் என்பது பேச்சில் விளங்கிற்று. வீரபாண்டி கடக்கையில் நடுவிலிருந்தவள் சொன்ன சொல்லில் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாசுரம் தடைபட்டது.

“செல்வி, ஒனக்குக் குடுத்த புத்தகத்துல கடைசி அத்தியாயத்தை எலி தின்னலடி. நான்தான் கிழிச்சேன்.”

“தெரியும் நசீமா. எலி என்ன, ஸ்கேல் வச்சா கடிக்கும்?”

ஜன்னலோரத்தவள் சிரித்தாள். நசீமா சிரிக்கவில்லை.

“அப்பத்தான் ஒங்க அம்மா தவறியிருந்தாக. கதையிலயும் அந்தப் பிள்ளையோட அம்மா செத்துப்போறாக. அதை நீ எப்பிடிடி படிப்ப? இன்னைக்கும் படத்துக்கு வராதன்னுதான சொன்னேன். கோவமா?”

“இல்லடி. நானா ஒரு முடிவு வச்சுக்கிட்டேன். அதுல அந்த அம்மா பிழைச்சு வீட்டுக்கு வந்துருவாக. அந்த வருசம் பூரா அதை நெனச்சுத்தான் தூங்குனேன்.”

“இன்னைக்குத் தேட்டர்ல அழுதியே?”

“அந்தப் பிள்ளைக்காக அழுதேன். எனக்காக இல்ல.”

நசீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இப்ப நீ ஏண்டி அழுகுற?” என்று கடிந்தவாறே செல்வி தன் துப்பட்டாவால் நசீமாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.